முக்கால் மணி நேரச் சுவர்

கோனியம்மன் மேல் ஆணை, ஈச்சனாரிப் பிள்ளையார் மேல் ஆணை, அதுவும் போதாதென்றால் என் பல்செட் மேல் ஆணை! நான் சொல்லப் போவதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் அந்தப் பல்செட் டம்ளரைவிட்டுத் தானாக இறங்கித் தெருவோடு நடந்து போய்விடட்டும். இன்னொரு மனுஷன் நெஞ்சுக்குள் ஓடியது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல எனக்குத்தான் நேரமில்லை, ஏனென்றால் அங்கே காமிரா ஓட ஆரம்பித்துவிட்டது.

போத்தனூரில், தண்டவாளத்துக்கு மூன்று தெரு தள்ளி, நாச்சிமுத்து தன் வீட்டு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சுவராக உட்கார்ந்திருந்தார். சுவராக இருக்கச் சொன்னது அவருடைய பேராசிரியை. ரயிலில் டி.டி.ஆராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டிய பிறகு அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. சேர்ந்தார். மனிதன் தொட்டிலில் கிடப்பதிலிருந்து கிழவனாகிக் கட்டிலில் கிடப்பது வரை அவன் மனசு எப்படி எப்படி வளர்கிறது என்பது பாடம். எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டியாகிவிட்டது. பாக்கி இருந்தது செய்முறை ஒன்றுதான். இன்னும் நடக்கத் தொடங்காத ஒரு குழந்தையை முக்கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது, சிரிக்கக் கூடாது. குழந்தையும் அவரும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி போன் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவு இன்று மாலைக்குள் போய்ச் சேரவில்லையென்றால் படிப்புக்குக் கொடுத்த கெடு முடிந்தது. வேண்டுமானால் மறுபடி முதல் வருடத்திலிருந்து சேர்ந்துகொள்ளலாம். “நீங்க ஒரு சுவர் சார், சுவரா இருங்க,” என்றார் பேராசிரியை போனில். “அதொண்ணுதாங்க மேடம் நமக்குத் தெரியும்,” என்றார் இவர். இதற்கு முன்னால் மூன்று குழந்தைகள் கெட்டுப்போயிருந்தன. முதல் குழந்தை அவரைப் பார்த்த அலுப்பில் தூங்கிவிட்டது. இரண்டாவது வீல் என்று கத்தி, அதன் தகப்பன் “பச்சக் கொழந்தய என்னங்க பண்ணுனீங்க?” என்று சட்டையைப் பிடிக்க வந்தான். மூன்றாவது நேராகப் போனிடம் தவழ்ந்து வந்ததால் பதிவு முழுக்க ஒரே நாக்கு. இது நாலாவது. மாடியில் குடியிருக்கும் ஹேமப்பிரியாவின் மகள், ஒன்பது மாசம், ஹ்ருதிகா என்று பெயர். சாயங்கால பஸ்ஸில் தாயும் மகளும் தாராபுரம் போகிறார்கள். இந்த ரயிலை விட்டால் அடுத்த ரயில் கிடையாது.

“ஏனுங்க, பொடுசு பயந்துக்கப் போவுது, மொகத்தக் கொஞ்சம் லூசா வெச்சுக்குங்க,” என்றாள் வசந்தாமணி, அவர் மனைவி, கையில் முறுக்கு மாவோடு. “லூசெல்லாம் வெக்கக் கூடாது. சட்டம்.” “இல்லாட்டி மட்டும் தாராளமா வெச்சுருப்பாரு. அம்மிணி, எங்க கல்யாண போட்டோவ நீ பாத்துருக்கியா? அந்தப் போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு சொல்லிச் சொல்லி, கடைசில அவனுக்கே அழுகை வந்துருச்சு.” ஹேமப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். “அங்கிள், அழுதா மட்டும் கூப்பிடுங்க.” “கூப்பிட முடியாதும்மா, பேசக் கூடாது.” “அப்ப அழுதா நானே வரேன், நீங்க சிரிச்சாலும் வரேன்.” “அதுக்கு நீ வர வேண்டியிருக்காது,” என்றாள் வசந்தாமணி. இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எண்ணெய் காயும் வாசம் கதவுக்கு அடியில் ஊர்ந்து வந்தது.

கதவு சாத்தியதும் குழந்தை அவரைப் பார்த்தது. பார்த்த பார்வை இருக்கிறதே, அது நாச்சிமுத்துவின் பார்வை, பெட்டிக்குள் ஏறி முதல் ஆளிடம் கை நீட்டுவதற்கு முன்னால் அவர் பார்க்கிற பார்வை, எங்கே, எடு டிக்கெட்டை. எடுக்க என்ன இருக்கிறது என்னிடம், தாயே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வேட்டி, இந்த முகம். இந்த முகம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தன் பொய் சொன்னபோது இவர் லேசாகச் சிரித்துவிட்டார், அவ்வளவுதான், அந்தப் பெட்டி முழுக்கப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது, அன்றைக்கே முகத்துக்குப் பூட்டுப் போட்டார். பூட்டைப் போட்டுக்கொண்டு எத்தனை கேட்டிருப்பார்! டிக்கெட் பொண்டாட்டி கையில் இருக்கிறது என்றான் ஒருவன், பொண்டாட்டி எங்கே என்றால் ஜோலார்பேட்டையில், ஜோலார்பேட்டையில் எங்கே என்றால் அவள் இன்னும் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லைங்க, கேட்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னொரு தரம் கீழ்ப் படுக்கையில் வெள்ளைத்துணி போர்த்திய பிணம், சுற்றி நாலு பேர் மாரில் அடித்து அழுகை, பிணத்துக்கு டிக்கெட் உண்டுங்களா என்று மூத்தவன் விக்கிக்கொண்டே கேட்கிறான், இவரும் தொப்பியை எடுத்துவிட்டு நிற்கிறார், அந்த நேரம் பார்த்து வடைக்காரன் கூவிக்கொண்டு வர, துணிக்குள்ளிருந்து ஒரு குரல், “சூடா இருக்குங்களா?” நாச்சிமுத்துவின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லையே! பிணத்துக்கும் அபராதம், அழுதவர்களுக்கும் அபராதம், எழுதிக் கொடுத்துவிட்டு, மெதுவாக நடந்து, இரண்டு பெட்டிக்கும் நடுவில் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும் அந்த இடுக்கில் போய் நின்று, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்தார், சக்கரச் சத்தம் மேலே விழுந்து மூட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரயிலில் சிரித்த சிரிப்பெல்லாம் அந்த இடுக்கில்தான். யாருக்கும் தெரியாது. வசந்தாவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் பூட்டைக் கழற்ற மறந்துபோகும், பிறகு சாவி எந்தப் பையில் என்று தெரியாமல் போகும், பிறகு அதுவே முகமாகிப் போகும். இப்போது இந்த ஒன்பது மாசத்து டி.டி.ஆர். கண்ணிமைக்காமல் பார்க்கிறது, இவரும் பார்க்கிறார், யார் யாரைக் கவனிக்கிறார்கள் என்று பேராசிரியை பார்த்தால் குழம்பிவிடுவார், சிரிக்காதே, சிரிக்கவில்லை, கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொள்.

குழந்தை பார்வையை எடுத்துக்கொண்டு தரைக்குக் கொடுத்தது. மொசைக் தரை, வெள்ளையில் கறுப்பும் சிவப்புமாகக் கல் சில்லுகள். அதில் ஒரு கறுப்புச் சில்லைக் கண்டுபிடித்து, கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்த்து, உலகத்திலேயே கவனமான கிள்ளல் ஒன்றைப் போட்டுப் பார்த்தது. வரவில்லை. கையைத் திருப்பிப் பார்த்து, விரலில் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்து, மறுபடி கிள்ளியது. ஒன்பதாம் மாதம், இரு விரல் பிடி, புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது, சரியாகச் செய்கிறாய், மார்க் போடலாம். ஆனால் அடி பொடுசே, இதை நானும் செய்திருக்கிறேனே, மூன்று வயசுக்கு முன்னால் நடந்தது எவனுக்கும் ஞாபகம் இருக்காது என்று அடித்துச் சொல்கிறது புத்தகம், சொல்லட்டும், புத்தகமா ஓட்டு வீட்டில் கிடந்தது, நான் கிடந்தேன். ஓட்டில் ஒரு ஓட்டை, அதன் வழியே வெயில் இறங்கி சாணித் தரையில் ஒரு காசாக விழுந்து கிடக்கும், அந்தக் காசை எடுக்க விரலைக் குவித்தால் காசு விரல் மேல் ஏறிக்கொள்ளும், விரலை எடுத்தால் மறுபடி தரையில், அம்மாவின் புடவையில் பருத்திக்கொட்டை வாசம், யாரோ சிரிக்கிறார்கள், யார் அது, என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு எவ்வளவு நன்றாக இருந்தது. பாடத்தில் மனுஷன் ஆயுசைப் பருவம் பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். அவர் அதை மனப்பாடம் செய்ததே தண்டவாளத்தில் வைத்துத்தான். போத்தனூரில் ஏறினால் கைக்குழந்தை, இருகூர் வந்தால் நடைபழகும், சோமனூரில் ஏன் ஏன் என்று கேள்வி கேட்டு உயிரை வாங்கும், திருப்பூரில் பள்ளிக்கூடம், ஈரோட்டில் வயசுக்கு வரும். அந்தக் காலத்தில் ஈரோட்டில்தானே இன்ஜின் மாற்றுவார்கள், பையனுக்கும் அங்கேதான் தொண்டை மாறும், அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு கிணற்றடியில் போய் நிற்பான், மழை வந்து மீசை மோவாய்க்கு இறங்கும், அந்தப் பெண்ணின் பெயர் என்ன, வேண்டாம், அவளுக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள். சேலம் வாலிபம், ஜோலார்பேட்டை குடும்பம், காட்பாடி பிள்ளைகளைக் கரையேற்றுவது, அரக்கோணம் தாண்டினால் எல்லாரும் மூட்டை முடிச்சை எடுத்துக் கதவுப் பக்கம் வந்து நிற்க ஆரம்பிப்பார்கள், இறங்க இன்னும் நேரமிருக்கும், இருந்தாலும் நிற்பார்கள். நான் எங்கே நிற்கிறேன், உட்கார்ந்துதானே இருக்கிறேன், சன்னல் சீட்டு, காற்று நன்றாக வருகிறது. திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன் உண்டே, அதற்கு என்ன பருவம் கொடுத்தேன். அந்த ஸ்டேஷன் பெயர் என்ன.

பெயர் வரவில்லை. திருப்பூர், அப்புறம், அப்புறம், வெண்ணெய்க்குப் பேர் போன ஊர், பிளாட்பாரத்தில் வாழை இலையில் உருட்டி வைத்து விற்பார்கள், எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பலகையைத் தாண்டியிருப்பேன், மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, பலகை தெரிகிறது, வெண்ணெய் தெரிகிறது, விற்ற அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மட்டும். போன வாரம் மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் இருந்தது. அது சும்மா, யாருக்கும் நடக்கும். ஆனால் இது சோறு போட்ட தண்டவாளம். கடைசி அத்தியாயத்தை இவர் படிக்கும்போது மட்டும் வேகமாகப் புரட்டுவார், மறதி என்று தொடங்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவார், அந்தப் பக்கம் இப்போது எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறதோ, திரும்பிப் பார்க்கக் கூடாது, காமிரா ஓடுகிறது. திருப்பூர், அப்புறம். திருப்பூர், அப்புறம். இந்தக் குழந்தைக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாமல் எவ்வளவு சௌக்கியமாக இருக்கிறது பார், எனக்கு ஒவ்வொன்றாக உதிர்ந்து போனால் நானும் இப்படி ஒருநாள் தரையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனோ, வசந்தா என்னைப் பார்த்து அழுவாளா சிரிப்பாளா. சிரிப்பாள். முதலில் சிரிப்பாள், அப்புறம் முறுக்கை உடைத்து வாயில் போடுவாள்.

அந்த நேரம் பார்த்துப் பாயின் மேல் கிடந்த துண்டைக் குழந்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. துண்டு மூச்சு விட்டது. துணிக்கு அடியில் பிணம். அய்யோ வேண்டாம், அந்தப் பிணத்தை நினைக்காதே, வடைக்காரன் வந்துவிடுவான். துண்டு விலகியது, கீழே இரண்டு பல், மேலே ஒன்றுமில்லை, “தா!” என்றது. மறுபடி மூடிக்கொண்டது. மூடினால் தன்னை யாருக்கும் தெரியாது என்பது அதன் கட்சி, கால் இரண்டும் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. “தா!” விலா எலும்புக்குள் ஏதோ ஒன்று புரண்டது. தெரியும் அவருக்கு, இது எது என்று தெரியும், இது அந்த இடுக்கில் போய் இறக்கி வைக்க வேண்டியது, ஹாலில் இடுக்கு எது, எழுந்தால் போன் பிடிக்கிற சட்டத்தைவிட்டு வெளியே, எழாமல் இருந்தால் வெடித்துவிடும். துக்கமாக ஏதாவது நினை. சாவு நினை. பெரியப்பா சாவு. நல்ல மனுஷன், திடீரென்று போய்விட்டார், ஊரே கூடியது, பறை அடிப்பவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள், அதே தெருவில் எதிர்வீட்டில் கல்யாணம், அவர்கள் நாதஸ்வரத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள், இரண்டு கோஷ்டியும் வீடு மாறிவிட்டது. மாப்பிள்ளை வெளியே வருகிறான், பறை அதிர்கிறது, இங்கே பெரியப்பாவின் தலைமாட்டில் நின்று ஒருத்தர் கண்ணை மூடிக் கல்யாணி வாசிக்கிறார், நிறுத்தப் போனவர்களைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். “வாசிக்கட்டும் உடுங்க, எங்க கல்யாணத்துக்குத்தான் இந்த மனுஷன் மேளம் வெக்கல, இப்பவாச்சும் கேட்டுக்கட்டும்.” வேண்டாம், இந்தச் சாவு வேண்டாம், வேறு சாவு நினை, வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, நினைவு போய்விட்டதே என்று துக்கப்படு, சரி, துக்கப்படுகிறேன், திருப்பூர் அப்புறம், “தா!” ஊத்துக்குளி! ஊத்துக்குளி ஊத்துக்குளி ஊத்துக்குளி, மஞ்சள் பலகையில் எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது, தேடாதபோது வந்து நிற்கிற நாயே, எங்கே போயிருந்தாய். வாய்க்குள் கத்தினார். உதடு அசைந்ததோ. அசைந்திருக்காது. முகம் சுவராகத்தான் இருந்தது, தண்ணீர் கசிகிற சுவர், கண்ணோரம் மட்டும் லேசாக ஈரம், அது எண்ணெய்ப் புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பெரும்பகுதி போய்விட்டது, இனிக் கொஞ்சம்தான். இவ்வளவு தூரம் ஒரு குழந்தையோடும் வந்ததில்லை. பட்டமளிப்பு விழாவில் அங்கி போடுவார்கள், தொப்பி கொடுப்பார்கள், அதற்கும் சிரிக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், மகள் பூங்கொடிக்கு அனுப்பினால் அவள் “அம்மாகிட்டக் குடுங்கப்பா” என்பாள், எப்போதும் அப்படித்தான், நல்ல பெண், சண்டையில்லை, சச்சரவில்லை, அம்மாவிடம் கொடுங்கள். குழந்தை துண்டை உதறிவிட்டுத் தவழ்ந்து வந்தது. அவர் கால் விரலை ஒன்றொன்றாகச் சோதித்தது, கட்டை விரல் நகத்தைத் தட்டிப் பார்த்தது, வேட்டியைப் பிடித்தது, முழங்காலைப் பிடித்தது, எழுந்தது. சூடான இரண்டு உள்ளங்கை முழங்கால் சில்லின் மேல். இதுவரை சரி, பிடித்துக்கொண்டு நிற்கும், புத்தகத்தில் இருக்கிறது, நான் தொடவில்லை, அதுதான் என்னைத் தொடுகிறது, அது செல்லும். அப்போது ஒரு கையை எடுத்தது. இன்னொரு கையையும் எடுத்தது.

ஒன்றையும் பிடிக்காமல் நின்றது. நிற்கிறோம் என்று அதற்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. உடம்பு முழுக்க ஆடியது, ஸ்டேஷனில் நின்ற ரயில் கிளம்பலாமா வேண்டாமா என்று ஒரு உதறு உதறுமே, அப்படி. மெதுவாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. டிக்கெட் கேட்கிற பார்வை இல்லை இது. இது வேறு. புத்தகத்தில் இந்தப் பக்கம் அவருக்குத் தெரியும், எழுத்துத் தேர்வில் இதையேதான் எழுதி முழு மார்க் வாங்கினார். சந்தேகம் வரும்போது குழந்தை பெரியவர் முகத்தைப் பார்க்கும், முகம் மலர்ந்தால் துணிந்து போகும், முகம் இறுகியிருந்தால் பயந்து அப்படியே உட்கார்ந்துவிடும். எழுதியபோது அது வெறும் விடை. இப்போது அந்த விடை இரண்டு காலில் நின்றுகொண்டு அவரையே கேட்கிறது, போகலாமா. பூங்கொடி. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், கோலப்பொடி அப்பிய கையோடு ஓடி வருவாள், பாதி தூரத்தில் நின்று இதே மாதிரி அண்ணாந்து பார்ப்பாள், இவருக்கு உள்ளே பொங்கும், பொங்கியதை அடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லடியில் நின்று சிரித்துவிட்டு வருவார், வருவதற்குள் அவள் திரும்பி அம்மாவிடம் போயிருப்பாள். பயந்துதான் திரும்பினாளா. நான் சிரித்தேன் கண்ணு, கல்லடியில் நின்று சிரித்தேன், உனக்குத்தான் தெரியவில்லை. இந்தப் பொடுசின் கீழுதடு லேசாக நடுங்க ஆரம்பித்தது, பதில் வரவில்லை, சுவரிடம் பதில் வரவில்லை, முட்டி மடியப் போகிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான், அங்கி, தொப்பி, எத்தனை வருஷப் படிப்பு, ஒரு நிமிஷம் சுவராக இருந்தால் போதும். அது உட்கார்ந்தால் உட்காரட்டும், நாளைக்கு நடக்கும், தாராபுரத்தில் நடக்கும், எப்படியும் நடந்துவிடத்தான் போகிறது, என் முகம் இல்லாமலே உலகத்தில் எல்லாரும் நடந்துவிட்டார்கள். அதுதான், அதுதான். எல்லாரும் நடந்துவிட்டார்கள்.

நாச்சிமுத்து சிரித்தார். முதலில் வாயின் ஒரு ஓரம் மட்டும், துருப்பிடித்த கதவு மாதிரி, அப்புறம் கன்னம், அப்புறம் கண், அப்புறம் நெற்றியெல்லாம் ஏறிக் காது வரைக்கும். குழந்தை அதைப் பார்த்தது. தான் செய்த வேலையா இது என்பது போல ஒரு பெருமை அதன் முகத்தில் பரவியது. வலது காலைத் தூக்கி, எங்கே வைப்பது என்று காற்றிலேயே கொஞ்சம் யோசித்து, வைத்தது. இடது கால். இன்னொரு தரம் வலது. நேராக வந்து அவர் மடியில் மோதி, வேட்டிக்குள் முகத்தைப் புதைத்து, அண்ணாந்து, இரண்டு பல்லைக் காட்டியது. அவ்வளவுதான், உடைந்தது. பிணம் வடை கேட்டது, பெரியப்பா கல்யாணி கேட்டது, ஜோலார்பேட்டைப் பொண்டாட்டி, மோவாய்க்கு இறங்கிய மீசை, கம்பியைப் பிடித்துக்கொண்டு சக்கரச் சத்தத்தில் புதைத்தது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு வெளியே வந்தது. குழந்தையைத் தூக்கினார். சட்டம் போயிற்று, பேச்சும் போகட்டும். “நடந்துட்டியா? நடந்துட்டியா சாமி?” என்று கத்தினார். சன்னல் கம்பி அதிர்ந்தது, தெருநாய் குரைத்தது. பக்கத்துத் தெருவரை கேட்டது என்று சொல்கிறார்கள். நான் ரயில்வே கேட் வரை கேட்டது என்பேன், கேட்மேன் ரயில் வருகிறதென்று கேட்டை இறக்கிவிட்டான்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. வசந்தாமணி ஜல்லிக்கரண்டியை ஓங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். எண்ணெய் சொட்டியது. “யாருடா அது உள்ள? ஏனுங்க, ஏனுங்க! யாரோ ஆம்பள சிரிக்கற சத்தம் கேக்குது, எவனோ வீட்டுக்குள்ள பூந்துட்டானுங்க!”

“நாந்தான் வசந்தா.”

“நீங்களா?” அவள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள், சோபாவுக்குப் பின்னால் பார்த்தாள். “நீங்க இல்லீங்க. நான் கேட்டேனே, வாய் விட்டுச் சிரிச்சாங்க.”

“நாந்தாங்கறேன். பாப்பா நடந்துருச்சு.”

ஹேமப்பிரியா அதற்குள் ஓடி வந்து மகளை வாங்கிக்கொண்டாள். “நடந்தாளா? நெசமாவா அங்கிள்? நடந்தாளா? நான் பாக்கலயே! இத்தன மாசம் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திட்டுக் காத்திருந்தேன், மாவு பெசையப் போன நேரத்துல நடந்துட்டாளா? அடியே கழுத, உனக்கு வேற நேரம் கெடைக்கலயா?” அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவளுக்கு.

“அழுவாத கண்ணு,” என்றார் நாச்சிமுத்து, அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டு இறங்காமல். “எல்லாம் அதுல இருக்குது.” போனைக் காட்டினார்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள், நாலாவது ஆள் வசந்தாமணியின் மடியில் ஜல்லிக்கரண்டியை வாங்கப் போராடிக்கொண்டிருந்தது. ஹேமப்பிரியா பதிவை ஓட்டினாள். கையை எடுக்கிறது, நிற்கிறது, அண்ணாந்து பார்க்கிறது, அடி எடுத்து வைக்கிறது. ஹேமப்பிரியா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் போட்டாள், இன்னொரு தரம். மூன்றாவது தரம் போட்டபோதுதான் நாச்சிமுத்து கவனித்தார், வசந்தாமணியின் கண் குழந்தை இருக்கிற பக்கம் போகவே இல்லை. திரையின் மேல் மூலையில் நாற்காலியில் இருக்கிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் முன்னாடி கொண்டு போ அம்மிணி. அதா, அந்த எடம். அந்த வாய் கோணுற எடத்துலருந்து போடு.” பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். “ஏனுங்க, உங்களுக்குக் கன்னத்துல குழி உழுவுது.”

“உழுவுமா?”

“உழுவுதே. இத்தன வருஷம் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.”

“எனக்கே தெரியாது வசந்தா.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையை, பிறகு முகத்தை, இரண்டும் ஒரே ஆள்தானா என்று சரிபார்க்கிற மாதிரி. ஹேமப்பிரியாதான் மெதுவாகக் கேட்டாள். “அங்கிள், அப்ப உங்க பரிச்ச?”

“செல்லாது. சிரிச்சாச்சு, தொட்டாச்சு, கத்தியும் ஆச்சு. இத அனுப்புனா சுவர் இடிஞ்சு உழுந்துருச்சுன்னு முட்டை போடுவாங்க.” சொல்லும்போது வருத்தம் வருகிறதா என்று அவரே உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தது. அதன் மேலேயும் சிரிப்பு ஏறி உட்கார்ந்திருந்தது. “மறுபடி முதல் வருஷத்துலருந்து படிக்கோணும்.”

“முதல் வருஷம்னா?” என்றாள் வசந்தாமணி.

“தொட்டில்லருந்து.”

“படிங்க, தொட்டில்லருந்தே வாங்க. இப்பதான் பல்லு மொளைச்சிருக்குது உங்களுக்கு.” அவள் போனை ஹேமப்பிரியாவின் கையிலிருந்து பிடுங்கினாள். “அந்த வாத்தியாரம்மாளுக்கு அனுப்புனா அனுப்புங்க, அனுப்பாட்டி உடுங்க. மொதல்ல இத நம்ம பூங்கொடிக்கு அனுப்புங்க.”

அனுப்பினார். முறுக்கு கருகும் வாசம் வந்ததை யாரும் சட்டை செய்யவில்லை. சிறிது நேரத்தில் போன் அடித்தது. வசந்தாமணி எடுத்தாள், கேட்டாள், அதை அவர் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பூங்கொடி சொன்னாள், “அம்மாகிட்டக் குடுத்துறாதீங்கப்பா.”

நடந்தது இவ்வளவுதான், உள்ளது உள்ளபடி சொல்லியாகிவிட்டது. கேட்மேன் கேட்டை இறக்கியது உட்பட. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை. ஆனால் யார் சொன்னது என்று எவராவது கிண்டினால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒருத்தர் சொன்னார், முகம் ஞாபகமில்லை, காங்கேயத்தில் இறங்கிவிட்டார் என்று முடித்துக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் அந்தத் தெருப்பக்கம் எடுத்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.